வானின் அடியில் ஸ்பெயர் சில்லு: பொருத்துவது, இறக்குவது, பராமரிப்பது – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடும் ஹயஸ், கரவன் போன்ற வான்களில் ஸ்பெயர் சில்லு பின்பக்கத் தளத்துக்குக் கீழேதான் தொங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத இடம் என்பதால் ரயர் வெடிக்கிற நாள்வரை யாரும் அதைத் தொடுவதில்லை. அன்றைக்குப் பார்த்தால் சில்லைத் தூக்கி இறக்கும் வின்ச் இறுகியிருக்கும், காற்று இறங்கியிருக்கும், அல்லது திருப்புகிற கம்பியே காணாமற் போயிருக்கும். கீழே உள்ள பதில்கள் முழுவதும் ஒரே விடயத்தைச் சுற்றித்தான் வருகின்றன: வருடத்தில் இரண்டு தடவையாவது அந்தச் சில்லை நிலத்துக்கு இறக்க வேண்டும்.

என் வானில் இருப்பது எந்த வகைத் தாங்கி?

குனிந்து பார்த்தால் தெரிந்துவிடும். மூன்று வகைதான் அதிகம்.

முதலாவது சங்கிலி வின்ச். சில்லின் நடு ஓட்டைக்குள்ளால் ஒரு சங்கிலி அல்லது இரும்புக் கயிறு இறங்கும்; அதன் நுனியில் ஒரு தட்டு இருக்கும். அந்தத் தட்டுத்தான் றிம்மைத் தாங்குகிறது. வெளியிலிருந்து கம்பியால் திருப்பினால் சில்லு இறங்கும், ஏறும். ஹயஸ்களில் இதுதான் வழமை.

இரண்டாவது தொங்கு கூடை. கம்பி அல்லது தகட்டால் செய்த தாங்கி ஒரு பக்கம் கீலில் ஆடும். மறுபக்கம் கொழுக்கியிலோ நீண்ட போல்ற்றிலோ பூட்டியிருக்கும். போல்ற்றைத் தளர்த்திக் கூடையைச் சற்றுத் தூக்கி, கொழுக்கியை விலக்கினால் பின்பக்கம் கீழே சரியும்.

மூன்றாவது, உள்ளூர்ப் பட்டறையில் செய்து பூட்டியது: இரண்டு தகட்டுப் பட்டை, நடுவில் ஒரு நீளப் போல்ற், ஒரு பெரிய நட். கெட்டிதான். ஆனால் கழற்ற நீங்கள் வானுக்குக் கீழே படுக்க வேண்டும். நள்ளிரவில், மழையில், ஆனையிறவுப் பக்கம் அதைச் செய்ய வேண்டிவரும் என்பதை நினைத்துக்கொண்டு தெரிவு செய்யுங்கள்.

வின்ச் வகையில் சில்லை இறக்குவது எப்படி?

முதலில் திருப்பும் இடத்தைக் கண்டுபிடியுங்கள். மாதிரியைப் பொறுத்து அது பின்கதவைத் திறந்தவுடன் தளத்தில் ஒரு சிறிய மூடிக்குக் கீழே இருக்கும். அல்லது பம்பரிலோ பம்பருக்கு மேலேயோ ஒரு ஓட்டையாக இருக்கும். தளத்தில் இருந்தால் ஒரு சிக்கல்: மேலே விரித்த காப்பெற், அதற்கு மேல் பயணிகளின் பெட்டிகள். காப்பெற் வெட்டிப் போட்டவர் அந்த இடத்தில் துளை விட்டிருக்கிறாரா என்று இன்றைக்கே பாருங்கள்.

ஜக் கைபிடிக் கம்பியை நேராக உள்ளே செலுத்தி, வின்ச்சின் தலையில் சரியாகக் கவ்விய பிறகு இடஞ்சுழியாகத் திருப்புங்கள். கம்பி சாய்ந்திருந்தால் வின்ச்சின் தலை மழுங்கும். சில்லு நிலத்தைத் தொட்ட பின்னும் ஒரு அடி வரை சங்கிலியைத் தளர விடுங்கள். அப்போதுதான் தட்டைப் பக்கவாட்டில் சரித்து நடு ஓட்டைக்குள்ளால் எடுக்க முடியும்.

சங்கிலி முழுவதும் இறங்கிய பிறகும் பலத்தோடு திருப்பாதீர்கள். காற்றுத் துப்பாக்கி, பற்றரி ஸ்பனர் எதுவும் வேண்டாம். வின்ச்சுக்குள் இருப்பது கையால் மெதுவாகத் திருப்பச் செய்த சிறிய பற்சக்கரங்கள். அடித்துத் திருப்பினால் பல் தெறித்துப் போகும். வின்ச் 'சும்மா சுற்றுது' என்று கராஜுக்கு வரும் வான்களில் இது அடிக்கடி காணும் காரணம்.

திரும்ப ஏற்றும்போது கவனிக்க வேண்டியது என்ன?

தட்டு. வேறு எதையும் விட அதுதான்.

சங்கிலியின் நுனித் தட்டு றிம்மின் நடு ஓட்டையில் சம மட்டமாக உட்கார வேண்டும். ஒரு பக்கம் விளிம்பில் ஏறி நின்றாலும் சில்லு மேலே போகும், கம்பியும் இறுகும், எல்லாம் சரிபோலத் தெரியும். பத்து இருபது கிலோமீற்றர் குலுங்கியதும் தட்டுத் தன் இடத்துக்கு விழும். அந்த ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் தளர்வில் சில்லு ஆடத் தொடங்கும். ஆடுகிற சில்லு சங்கிலியின் ஒரே கண்ணியைத் தேய்த்துக்கொண்டே இருக்கும்.

ஆகவே நிலத்திலிருந்து ஒரு சாண் ஏறியதும் நிறுத்துங்கள். குனிந்து தட்டைப் பாருங்கள், கையால் சில்லைச் சற்று ஆட்டிவிடுங்கள், பிறகு தொடருங்கள். மேலே போய்த் தளத்தின் அடியிலுள்ள தாங்கு முனைகளில் ரயர் நன்றாக அழுத்தும் வரை திருப்புங்கள். சில வின்ச்களில் முழுதாக இறுகியதும் 'டக்' என்று வழுக்கும் சத்தம் கேட்கும். சிலவற்றில் கைக்குப் பாரம் கூடுவதே அடையாளம். முடிந்ததும் ரயரை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். வான் அசையலாம், சில்லு மட்டும் தனியே அசையக்கூடாது.

சங்கிலியின் வேலை தூக்குவது மட்டும்தான். ஓட்டத்தில் சில்லை அசையாமல் வைத்திருப்பது மேலே அழுத்தும் அந்த இறுக்கம். இதை விளங்கிக்கொண்டால் பாதிப் பிரச்சினைக்கு இடமில்லை.

ஐம்பது நூறு கிலோமீற்றர் ஓடிய பின் ஒரு தடவை திரும்பவும் இறுக்கம் பாருங்கள். கொழும்புக்குப் போகிறவர்கள் முறிகண்டியில் எப்படியும் நிறுத்துவார்கள். தேங்காய் உடைத்த கையோடு குனிந்து ஒரு தள்ளுத் தள்ளிப் பார்க்க அரை நிமிடம் போதும்.

வால்வ் மேலே பார்க்க வேண்டுமா, கீழே பார்க்க வேண்டுமா?

கழற்றும்போது எப்படி இருந்ததோ அப்படி, அதுவும் உங்கள் வானின் கையேடு சொல்வதற்குப் பொருந்துமானால். றிம்மின் குழிந்த பக்கமும் மேடான பக்கமும் ஒன்றல்ல. மாற்றிப் போட்டால் தட்டுச் சரியாக உட்காராமல் போகலாம், அல்லது சில்லு சில சென்ரிமீற்றர் கீழே தொங்கும். இரண்டு விதமும் பொருந்தும் தாங்கி என்றால் வால்வ் கீழே இருப்பது நல்லது. இறக்காமலே காற்றுப் பார்க்கலாம். வால்வ் மூடியை மறக்காமல் போடுங்கள், கீழே தெறிக்கும் சேறு நேரே வால்வுக்குள்தான் போகும்.

எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை பராமரிக்க வேண்டும்?

மாரி தொடங்க முன் ஒன்று, மாரி முடிந்து ஒன்று. அதாவது புரட்டாதியிலும் தையிலும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டுக் கையேடுகளின் கணக்கு எங்கள் குடாநாட்டுக்கு முழுதாகப் பொருந்தாது. இங்கே எந்தப் பக்கம் போனாலும் சிறிது நேரத்தில் கடல் வந்துவிடும். பண்ணைப் பாலம், பொன்னாலைப் பாலம், சங்குப்பிட்டி என்று நாளாந்தம் களப்பைக் கடந்து ஓடும் வானுக்கு உப்புக்காற்று அடியிலிருந்து அடிக்கிறது. வலிகாமத்துச் செம்மண்ணும் ஒரு காரணம்: படுத்திருக்கும் சில்லின் குழிக்குள் அது சேர்ந்து ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கறள் பெரும்பாலும் அங்கே இருந்துதான் தொடங்கும்.

செய்ய வேண்டியவை இவை. சில்லை முழுதாக இறக்கி வெளியே எடுங்கள். றிம்மின் குழியிலுள்ள மண்ணை நல்ல தண்ணீரால் கழுவுங்கள். உங்கள் கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீர் வேண்டாம். சங்கிலியை எல்லை வரை இறக்கி இரும்புப் பிரசால் தேய்த்து, ஒவ்வொரு கண்ணியாகப் பாருங்கள். கண்ணிகள் உரசும் இடத்தில் கம்பியின் தடிப்பு எங்காவது கண்ணுக்குத் தெரிய மெலிந்திருந்தால் சங்கிலி மாற்ற வேண்டியதுதான். இரும்புக் கயிறு என்றால் துணியால் சுற்றிப் பிடித்து மேலிருந்து கீழே இழுத்துப் பாருங்கள். அறுந்த இழை இருந்தால் துணியில் மாட்டும். வெறுங்கையால் செய்யாதீர்கள்.

பிறகு வின்ச்சின் அச்சிலும் சங்கிலியிலும் ஊடுருவும் எண்ணெய் அடித்து, இரண்டு மூன்று தடவை மேலும் கீழும் ஓட்டி, கடைசியாகக் கிறீஸ் பூசுங்கள். நீர் எதிர்ப்புக் கிறீஸ், அதாவது படகு இயந்திரங்களுக்குப் பாவிக்கும் வகை, மீன்பிடிப் பொருட்கள் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். ஊடுருவும் எண்ணெய் மட்டும் அடித்துவிட்டுப் போனால் சில வாரத்தில் கழுவுப்பட்டுப் போகும். கூடை வகைக்கு கீல் ஊசி, கொழுக்கி, நீண்ட போல்ற்றின் புரி முழுவதும் என்று மூன்று இடத்தில் கிறீஸ். இரண்டு தேக்கரண்டி அளவு தாராளமாகப் போதும்.

ஒரு எச்சரிக்கை. சேர்விஸ் நிலையத்தில் அடிப்பக்கத்துக்குக் கழிவு ஒயிலும் டீசலும் கலந்து அடிக்கச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இரும்புக்கு அது நல்லதோ இல்லையோ, ரயருக்கு நஞ்சு; இறப்பர் ஊதி மென்மையாகிப் போகும். அடிப்பதென்றால் ஸ்பெயர் சில்லைக் கழற்றி வைத்துவிட்டு அடிக்கச் சொல்லுங்கள். பிரேக் இறப்பர்க் குழாய்களையும் மூடச் சொல்லுங்கள்.

வெள்ளத்துக்குள் ஓடினால்?

அன்றைக்கே நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். களப்புத் தண்ணீர் என்றால் அடுத்த தவணையைப் பார்க்காமல் அந்த வாரத்திலேயே இறக்கிக் கிறீஸ் போடுங்கள்.

ஸ்பெயர் ரயருக்கு எவ்வளவு காற்று?

சாரதிக் கதவுப் பக்கம் தூணில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் முன்னுக்கும் பின்னுக்கும், பாரத்தோடும் இல்லாமலும் அளவுகள் இருக்கும். ஸ்பெயருக்கு அவற்றில் மிகக் கூடியதை எடுங்கள், அதாவது முழுப் பாரத்தில் பின் ரயருக்கு உரியதை. காரணம் எளிது: வீதியோரத்தில் காற்றைக் குறைக்கலாம், கூட்ட முடியாது. அட்டவணை கிலோ பஸ்கலில் இருந்தால் 100 கிலோ பஸ்கல் என்பது 14.5 பி.எஸ்.ஐ. பாவிக்காமல் கிடக்கும் ரயரும் மாதத்துக்கு ஒன்று, ஒன்றரை பி.எஸ்.ஐ இழக்கும். ஆறு மாதத்தில் அது ஆறு முதல் ஒன்பது வரை ஆகிவிடும். அதனால் ஐந்து பி.எஸ்.ஐ கூட்டி அடித்து வைப்பதில் தவறில்லை. ரயரின் பக்கச் சுவரில் எழுதியுள்ள உச்ச அளவைத் தாண்டக்கூடாது.

ரயரின் பட்டன், அதாவது நிலத்தில் படும் வரிப்பகுதி, தேயவே இல்லை. பத்து வருடமான ஸ்பெயர் ரயரைப் பாவிக்கலாமா?

வேண்டாம். இறப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் முதுமையடையும். பக்கச் சுவரில் 'டி.ஓ.ரி' (DOT) எழுத்துக்களின் முடிவில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது கிழமை செய்தது. ஆறு வருடம் கடந்தால் ஒவ்வொரு முறையும் வெடிப்புத் தேடிப் பார்க்க வேண்டும். பத்து வருடத்தோடு கழிக்க வேண்டும். பட்டன் இடுக்கிலும், றிம் விளிம்போடு சேரும் இடத்திலும் மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரிந்தால் வருடக் கணக்கே வேண்டாம்.

சிக்கனமான வழி ஒன்று உண்டு. புது ரயர் வாங்கும்போது ஸ்பெயரையும் சுழற்சியில் சேர்த்து ஐந்தாகக் கணக்கெடுங்கள். ஸ்பெயர் கீழே கிடந்து சாகாது.

வின்ச் இறுகிவிட்டது, அசையவே இல்லை. என்ன செய்வது?

கம்பிக்கு நீளக் குழாய் போட்டு நெம்புவதுதான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். அதைச் செய்தால் வின்ச்சின் தலை முறியும். ஊடுருவும் எண்ணெயை அச்சுக்கும் சங்கிலி நுழையும் வாய்க்கும் தாராளமாக அடித்து ஒரு இரவு விடுங்கள். காலையில் முதலில் இறுக்கும் பக்கம் சிறிது, பிறகு தளர்த்தும் பக்கம் சிறிது என்று ஆட்டி ஆட்டி எடுங்கள். சில வேளை வின்ச் சுற்றும், சில்லு மட்டும் இறங்காது. றிம் தாங்கு முனையோடு கறளால் ஒட்டிப் போயிருக்கும். சங்கிலியைத் தளர்த்திவிட்டு ரயரின் விளிம்பில் மரச் சுத்தியலால் தட்டினால் விடும். தட்டும்போது அதன் கீழே படுத்திருக்காதீர்கள். ரயரும் இரும்பு றிம்முமாக 20 கிலோவுக்கு மேல் இருக்கும்.

எதற்கும் மசியாவிட்டால் சங்கிலியை வெட்ட வேண்டும். வெட்டு முன் ஜக்கையும் ஒரு பலகையையும் வைத்துச் சில்லைத் தாங்கிப் பிடியுங்கள். கையால் வெட்டும் இரும்பு வாள் அல்லது பெரிய வெட்டுக் குறடு பாவியுங்கள். தீப்பொறி பறக்கும் கிறைண்டரும், சூடு காட்டும் வாயு விளக்கும் ரயருக்கும் எரிபொருள் குழாய்களுக்கும் பக்கத்தில் வேண்டவே வேண்டாம்.

திருப்பும் கம்பி தொலைந்துவிட்டது. வேறு எதனால் திருப்பலாம்?

வின்ச்சின் தலை எந்த வடிவம் என்று பாருங்கள்: அறுகோணமா, சதுரமா, குறுக்கு ஊசியா. அளவை எடுத்துக்கொண்டு லேத் பட்டறையில் ஒரு கம்பி செய்விக்கலாம். தலை ஆழத்தில் இருப்பதால் நீளம்தான் முக்கியம். பம்பரிலிருந்து தலை வரை ஒரு மெல்லிய கம்பியை விட்டு அளந்து, அதற்கு மேல் ஒரு சாண் கூட்டுங்கள். பொருந்தாத சொக்கெற்றைத் துணி சுற்றித் திருப்புவது தலையைக் கெடுக்கும் வேலை.

சங்கிலி அறுந்தால் சில்லு வீதியில் விழுமே. மேலதிகப் பாதுகாப்பு என்ன?

விழும், பின்னால் வருவது மோட்டார் சைக்கிளாக இருக்கும். ஆகவே இரண்டாவது பிடி ஒன்று கட்டாயம் போடுங்கள். 6 மி.மீ சங்கிலி, அல்லது 6 மி.மீ இரும்புக் கயிறு. அதை றிம்மின் காற்றோட்டத் துளை ஒன்றுக்குள்ளால் விட்டு, செசியின் குறுக்குச் சட்டத்தைச் சுற்றி எடுத்துப் பூட்டுங்கள். தளத் தகட்டில் துளைத்த கொழுக்கியில் அல்ல. தளர்வு இரண்டு மூன்று விரல் அளவு போதும். நீளமாக விட்டால் விழுகிற சில்லு நிலத்தில் இழுபட்டுக்கொண்டு வரும்.

இரும்புக் கயிற்றுக்கு கிளிப் போடுவதென்றால் கயிற்றை மடித்து விடும் ஒவ்வொரு கண்ணுக்கும் மூன்று, சுமார் 4 செ.மீ இடைவெளியில். வளைந்த யூ போல்ற் பக்கம் வெட்டிய குறுநுனி மேலும், தட்டையான சேணப் பக்கம் பாரம் தாங்கும் நீளக் கயிற்றின் மேலும் வர வேண்டும். இதை மாறிப் போட்டால் பாரம் தாங்கும் கயிறுதான் நசுங்கும்.

களவுக்கும் இதுவே பாதுகாப்பு. பித்தளை உடல் ஆமைப்பூட்டு வாங்குங்கள், சைக்கிள் ரியூப்பில் ஒரு துண்டை வெட்டி அதன் மேல் உறைபோல மாட்டிவிடுங்கள். திறப்பு வானுக்குள்ளேயே இருக்கட்டும். வீட்டு அலுமாரியில் திறப்பும் மாங்குளத்தில் வானுமாக நிற்பது பெரிய அவதி.

தாங்கியே இல்லாத வானுக்குப் புதிதாகப் பொருத்துவது எப்படி?

இரும்பை வெட்ட முன் அளவுதான். பின் அச்சுக்கும் பம்பருக்கும் இடையில், தளத்தின் அடியில் உள்ள வெற்றிடத்தைப் பாருங்கள். 195/80 ஆர் 15 ரயரின் விட்டம் சுமார் 69 செ.மீ, அகலம் 20 செ.மீ அளவு. தாங்கியின் தடிப்போடு 22 செ.மீ ஆழம் தேவை என்று எடுங்கள்.

வானை முழுப் பாரத்தோடு நிறுத்தி அளக்க வேண்டும். ஆட்களை ஏற்றுங்கள், அல்லது சீமெந்துப் பைகளை அடுக்குங்கள். 50 கிலோப் பை என்பதால் கணக்கும் சுலபம். பாரம் ஏறியதும் இலை வில்லுகள் எவ்வளவு இறங்குகின்றன என்று பார்த்த பிறகே இடத்தை முடிவு செய்யுங்கள். இரண்டு சோதனை:

ஒன்று, தாங்கியின் அடி பின் டிபரென்சலின் (பின் அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டி) அடியை விடத் தாழக்கூடாது. இரண்டு, பின் ரயர் நிலத்தைத் தொடும் புள்ளியிலிருந்து பம்பரின் அடி விளிம்புக்கு ஒரு நூல் பிடியுங்கள். சில்லோ தாங்கியோ அந்த நூலைத் தொடக்கூடாது. தொட்டால் ஒழுங்கை வாசலில் மதகு ஏறி இறங்கும்போது சில்லுத்தான் முதலில் உரசும்.

சைலென்சர் குழாயிலிருந்து ஒரு சாணாவது விலகியிருக்கட்டும். முடியாவிட்டால் இடையில் வெப்பத் தடுப்புத் தகடு போடுங்கள். பின் அச்சு, அதிர்வுத் தாங்கிகள், கைப் பிரேக் கேபிள், பிரேக் குழாய் இவற்றிலிருந்து 5 செ.மீக்குக் குறையாத இடைவெளி. அச்சு மேலே எழும்பும் தூரத்தையும் சேர்த்துத்தான் அந்த 5 செ.மீ.

பிடிமானம் செசியின் நீளச் சட்டத்திலும் குறுக்குச் சட்டத்திலும் இருக்க வேண்டும். தளத் தகடு ஒரு மி.மீ அளவு தடிப்புத்தான். அதில் மட்டும் பூட்டினால் போல்ற் ஓட்டை நாளடைவில் நீள்வட்டமாகி, பிறகு கிழியும். தொழிற்சாலையில் விட்ட துளைகள் பல வான்களில் ஏற்கெனவே இருக்கும், முதலில் அவற்றைத் தேடுங்கள். வின்ச் பூட்டும் தகடு 5 அல்லது 6 மி.மீ தடிப்பு. போல்ற் 10 மி.மீ, தலையில் 8.8 என்று எழுதியது, நான்கு. அகல வோஷரும் சுயமாய்ப் பூட்டும் நைலோன் நட்டும் போட்டு 45 முதல் 50 நியூட்டன் மீற்றர் வரை இறுக்குங்கள். தலையில் இலக்கம் எதுவும் இல்லாத போல்ற் கேற் பூட்டப் போதும், இதற்கு உதவாது.

சில்லு மேலே வந்து அழுத்துவதற்குத் தாங்கு முனைகள் மூன்றோ நான்கோ வேண்டும். தகட்டில் வளைத்து, மேலே தடித்த இறப்பர்த் துண்டு ஒட்டிச் செய்யலாம். பழைய லொறி ரயரில் வெட்டிய துண்டு நன்றாக உழைக்கும். உள்ளூரில் செய்த தாங்கிகளில் அடிக்கடி காணும் குறை இந்த முனைகள் இல்லாமையே. வின்ச் புதியது, சங்கிலி புதியது, ஆனால் சில்லு மேலே எதையும் தொடாமல் அந்தரத்தில் ஆடும்.

துளைத்த எல்லா விளிம்புக்கும் கறள் எதிர்ப்புச் செந்நிறப் பூச்சு, அதன் மேல் வானின் அடிப்பக்கத்துக்கு அடிக்கும் பூச்சு. பெட்டிச் சட்டத்தில் துளைத்தால் உள்ளே விழுந்த இரும்புத் தூளை ஊதி வெளியேற்றுங்கள். உள்ளே இருந்தால் அதுவே கறளுக்கு விதை.

செசியில் வெல்ட் பண்ணி ஒட்டிவிட்டால் என்ன?

போல்ற்றில் முடியும் வேலைக்கு வெல்டிங் வேண்டாம். வெல்ட் சூடு பட்ட இடத்துக்குப் பக்கத்தில் சட்டம் பலம் குறைகிறது. உள்பக்கப் பூச்சும் எரிந்து போகிறது, அங்கே திரும்பப் பூச வழியில்லை. தாங்கியைத் தனியே வெளியில் வெல்ட் பண்ணி எடுத்து, வானுக்குப் போல்ற்றால் பூட்டுங்கள். தவிர்க்க முடியாமல் வானில் வெல்ட் பண்ணினால் பற்றரியின் மறை முனையைக் கழற்றி, எரிபொருள் குழாய்களை விலக்கி அல்லது ஈரச் சாக்கால் மூடி, நெருப்பணைப்பான் ஒன்றைப் பக்கத்தில் வைத்துச் செய்விக்கவும்.

புதிது செய்யாமல் பழைய தாங்கி வாங்கலாமா?

அதுதான் நல்ல வழி, உங்கள் வானுக்கே உரிய மாதிரி கிடைத்தால். துளைகளும் தாங்கு முனைகளும் தானாகப் பொருந்தும். யாழ்ப்பாணத்தில் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடலாம். வாங்கும்போது சங்கிலியை எல்லை வரை இறக்கிப் பாதி திரும்பச் சுற்றச் சொல்லி, தட்டில் உங்கள் பாரத்தைக் கொடுத்துத் தொங்கிப் பாருங்கள். தானாக இறங்கினால் பூட்டுப் பற்கள் தேய்ந்துவிட்டன, வேண்டாம். திருப்பும் கம்பியையும் சேர்த்துக் கேளுங்கள்.

ஸ்பெயர் ரயர் வேறு அளவு. பரவாயில்லையா?

195/80 ஆர் 15 ரயரின் விட்டம் 693 மி.மீ, 205/70 ஆர் 15 ரயரினது 668 மி.மீ. இரண்டரை சென்ரிமீற்றர்தானே என்று தோன்றும். ஆனால் இரண்டையும் பின் அச்சில் இடம் வலமாகப் போட்டால் டிபரென்சல் நேர் வீதியிலும் ஓயாமல் வேலை செய்து சூடேறும். பின் சில்லு இழுக்கும் வானில் அளவு மாறிய ஸ்பெயரை முன்னுக்குப் போட்டு, முன்னால் இருந்த சரியான சில்லைப் பின்னுக்கு மாற்றுங்கள். மெதுவாக ஓட்டி அடுத்த ரயர் கடையோடு முடித்துக்கொள்ளுங்கள்.

அளவை விடவும் மோசமானது பாரச் சுட்டி (ரயர் தாங்கும் பாரத்தைக் குறிக்கும் இலக்கம்) குறைந்த கார் ரயர். வான் ரயரில் 107 என்று இருந்தால் ஒரு ரயர் 975 கிலோ தாங்கும். கார் ரயரில் 91 என்றால் 615 கிலோதான். றிம்மில் ஏறுகிறது என்பதற்காக அதை ஸ்பெயராக வைத்துக்கொண்டு 14 பேரோடு ஓடக்கூடாது.

வானுக்கு அலோய் றிம், ஸ்பெயர் மட்டும் இரும்பு. அதே நட் பொருந்துமா?

நட்டின் அடியைப் பாருங்கள். கூம்பாக இருந்தால் இரும்பு றிம்மின் கூம்புக் குழியில் உட்காரும். தட்டை வோஷரோடு நீளக் கழுத்து உள்ளதென்றால் இரும்பு றிம்மை மையத்தில் பிடிக்காது, தளரும். அப்படியானால் கூம்பு நட் ஆறை ஒரு பையில் போட்டுக் கருவிகளோடு வைத்துவிடுங்கள். நட்டின் புரியும் வானுக்கு வான் வேறு: ரொயோட்டாவுக்கு 12 மி.மீ, புரி இடைவெளி 1.5, நிசானுக்கு 12 மி.மீ, 1.25. இரண்டுக்கும் 21 மி.மீ ஸ்பனர் போகும் என்பதால் மாற்றி வாங்கிவிடுவார்கள். முதல் இரண்டு சுற்றும் கையால் போகாத நட்டை ஸ்பனரால் ஏற்றாதீர்கள்.

பின் ரயர் பஞ்சர். வான் பதிந்து சில்லு வெளியே வராவிட்டால்?

பலரும் நடுவீதியில் மாட்டுவது இங்கேதான். வரிசை இப்படி இருக்கட்டும்.

ஆட்களை இறக்குங்கள். கைப் பிரேக், கியர். வாடகை வான்களில் கைப் பிரேக் பின் சில்லுகளைத்தான் பிடிக்கும். பின்பக்கம் தூக்கியதும் அதை நம்ப முடியாது. ஆகவே முன் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். சில்லு நிலத்தில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்றுத் தளர்த்துங்கள். பிறகு ஸ்பெயரை நிலம்வரை இறக்குங்கள். வெளியே இழுக்க இடமில்லாவிட்டால் அதை அப்படியே கிடக்கவிட்டு, வானை ஜக்கால் தூக்கிய பின் இழுங்கள். கைக்கு எட்டாவிட்டால் இரண்டாவது பிடிச் சங்கிலியைப் பிடித்து இழுக்கலாம். உடம்பு வானுக்குக் கீழே போகக்கூடாது.

ஏ9 வீதி ஓரத்திலும் பூநகரிப் பக்கத்திலும் மண் இளகியது. ஜக்குக்குக் கீழே 30 செ.மீ சதுரத்தில், ஒரு அங்குலத்துக்குக் குறையாத தடிப்பில் பலகை ஒன்று எப்போதும் வானில் இருக்க வேண்டும். முருகைக்கல்லையும் சீமெந்துப் புளொக் கல்லையும் முட்டுக் கொடுக்காதீர்கள். அவை முன்னறிவிப்பில்லாமல் உடையும். எடுத்த ஸ்பெயரைப் பூட்டும்வரை செசியின் ஓரத்துக்குக் கீழே படுக்க வையுங்கள். பஞ்சரான சில்லைக் கழற்றியதும் அதை அங்கே தள்ளிவிட்டு ஸ்பெயரை எடுங்கள். ஜக் சரிந்தாலும் வான் ரயரின் மேல்தான் விழும்.

நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக இறுக்குங்கள். 12 மி.மீ நட்டுக்கு இரும்பு றிம்மில் 100 முதல் 110 நியூட்டன் மீற்றர் அளவு. நட் உட்காரும் கூம்பில் கிறீஸ் பூசாதீர்கள். 50 கிலோமீற்றரில் ஒரு தடவை திரும்பவும் இறுக்கிப் பாருங்கள்.

பஞ்சரான சில்லை மேலே கட்டிக்கொண்டு ஓடலாமா?

ரயர் கடை வரை ஓடலாம். காற்றில்லாத ரயர் தாங்கு முனைகளில் நசுங்கி, இறுக்கியது போலத் தோன்றிப் பின் தளரும். அடுத்த நிறுத்தத்தில் திரும்ப இறுக்குங்கள். கிழிந்து கம்பி தொங்கும் ரயர் என்றால் கீழே கட்டாமல் உள்ளே போடுங்கள்.

கீழே 'டங் டங்' என்று சத்தம். ஸ்பெயர் சில்லா?

இருக்கலாம். சில்லைக் கழற்றி வானுக்குள் போட்டுவிட்டு அதே மேடு பள்ளத்தில் ஓடிப் பாருங்கள். சத்தம் போனால் தாங்கு முனை இறப்பரும் தட்டும் சந்தேகம். போகாவிட்டால் அதிர்வுத் தாங்கி புஷ்ஷும் சைலென்சர் இறப்பரும். சில்லு இல்லாமல் ஓடிப் பார்க்கும்போது வெறும் சங்கிலியை முழுதாக மேலே சுற்றி வையுங்கள். இல்லாவிட்டால் அதுவே சத்தம் போடும்.

பழைய வான் வாங்கப் போகிறேன். இதில் என்ன பார்க்கலாம்?

விற்பவரிடம் ஸ்பெயர் சில்லை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். இறங்காவிட்டால் ஒரு வின்ச்சின் விலையைப் பேரத்தில் குறையுங்கள். இறங்கினால் ரயரின் செய்த வருடத்தையும், சில்லு மறைத்திருந்த தளத்தின் அடியையும் ரோச் அடித்துப் பாருங்கள். புதுப் பூச்சு அடித்து அழகாக்கிய வான்களிலும் அந்த வட்டத்துக்குள் மட்டும் பழைய கறள் அப்படியே இருக்கும்.